வெட்டி எறிந்த நொடிகள்

டாக்டர் அந்த வார்த்தையை எழுதியதும், வேலையிடத்தில் கத்தரி என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமா அது? பக்கத்து நாற்காலியில் கணவர், நெற்றியில் மூன்று தையலோடு உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் காலையில் குளியலறையில் தடாலென்று விழுந்தவர். சோப்பு வழுக்கிவிட்டது என்று சத்தியம் செய்தார். சோப்போ அதன் பெட்டிக்குள் காய்ந்துபோய்க் கிடந்தது. அதனால்தான் அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்டதைத் தலைகீழாகப் படித்தபோது உதடு தானாக விரிந்தது. சின்கோபி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார் டாக்டர்.

நான்கு மாதமாக அந்த வார்த்தையை நாளைக்கு ஐம்பது தடவையாவது தட்டச்சு செய்கிறவள் அவள். பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. அங்கே சின்கோபி என்றால் பேசும்போது சொல்லின் நடுவிலிருந்து ஓர் ஒலி காணாமல் போவது. 'கொண்டு வா' என்று எழுதுகிற அத்தனை பேரும் 'கொண்டா' என்றுதான் சொல்கிறார்கள்; நடுவில் தொலைந்த துண்டுக்குத்தான் அந்தப் பெயர். பழைய இலக்கணக்காரர்களைக் கேட்டால் இடைக்குறை என்பார்கள். டாக்டர்களுக்கோ அது மயக்கம். மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறைந்து, ஆள் சட்டென்று நினைவிழந்து, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துகொள்வது. துறைத்தலைவி தொகுக்கிற கலைச்சொல் அகராதிக்காக அந்த அட்டையை மூன்று வாரம் முன்பு தட்டச்சு செய்தவளே கத்தரிதான். ஒன்று, மருத்துவம். இரண்டு, மொழியியல். மூலச்சொல்லுக்கு வெட்டிக் குறைப்பது என்று பொருள் என ஒரு குறிப்பும் உண்டு. ஒரே அட்டையில் குடியிருந்தாலும் இரண்டு பொருளும் அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள் மாதிரி. ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததில்லை.

இ.சி.ஜி. படத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கணவரிடம் நிதானமாகப் பேசினார்.

"முதல் தடவைன்னா பயப்பட ஒண்ணுமில்ல. வெறும் வயிறு, சுடுதண்ணி, இப்படி ஏதாவது இருக்கும். ஆனா முன்னாடி ஒரே ஒரு தடவை வந்திருந்தாக்கூடக் கதை வேற. அதுவும் உக்காந்த இடத்துல, பேசிட்டிருக்கும்போதே வந்திருந்தா, இதயம் நடுவுல நின்னு நின்னு ஓடுதுன்னு அர்த்தம். அப்படின்னா நீங்க ஏணியில கால் வைக்கக் கூடாது."

அப்படியெல்லாம் எதுவும் வந்ததில்லை என்றார் கணவர். டாக்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார். டவர் கிரேன் ஓட்டுகிறவர் அவர், இருபத்திரண்டு வருடமாக. அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, டன் கணக்கில் கான்கிரீட்டைத் தூக்கி ஒரு விரற்கடை பிசகாமல் இறக்கி வைப்பார். தரையில் நடக்கும்போது கையையும் காலையும் எங்கே வைப்பதென்றே தெரியாத மனிதர், அந்தப் பெட்டிக்குள் போனால் ராஜா. அடி பட்டு வந்தவர் மறுபடி மேலே ஏற வேண்டுமானால் டாக்டர் கையெழுத்துப் போட்ட தகுதித் தாள் வேண்டும் என்று கட்டுமானக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்தத் தாள் இப்போது டாக்டரின் முழங்கைக்கு அடியில் கிடந்தது.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கத்தரியின் பக்கம் திரும்பினார்.

"மயங்கினவருக்கு மயங்கினது தெரியாதும்மா. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க."

மேசைக்கு அடியில் கணவரின் செருப்பு அவள் பாதத்தை மெல்லத் தொட்டது. அவர் முகம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் மயங்கி விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

"இல்ல டாக்டர். இதுதான் மொத தடவை."

பொய் இல்லை, அவளுக்குத் தெரிந்தவரை சத்தியம். அதை நம்பித்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்கிற கருவியை வியாழக்கிழமை வந்து மாட்டிக்கொள்ளுங்கள், சும்மா ஒரு திருப்திக்கு, என்றார். கணவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதிய ஷிப்டுக்கு இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும் என்றார். வெளியே வந்ததும் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கல்யாணத்துக்கு அப்புறம் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அதில் மயங்காமல் இருந்திருக்கலாம்.

கத்தரி என்பது துறையில் அவளுக்கு வைத்த பெயர். ஒலிப்பதிவுகளை வெட்டிச் சுத்தம் செய்வதுதான் வேலை என்பதால் வந்தது. வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்று பெற்ற தாயால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. துறைத்தலைவிக்கு ஒரு கொள்கை உண்டு: பேச்சு இல்லாத இடத்தில் நமக்கு வேலை இல்லை. அரை நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் கணினியே அதைத் தூக்கிவிடும். விளிம்புகளில் மிஞ்சுகிற இரைச்சலை வழித்தெடுத்து, பேச்சோடு பேச்சை உரசாமல் ஒட்டுவது கத்தரியின் கைவேலை.

நான்கு மாதமாக அவள் வெட்டிக்கொண்டிருந்தது சொந்தப் புருஷனின் பேச்சை. துறைக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தின் புதிய நூலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பேசுகிறவர்கள் சொற்களை எப்படி விழுங்குகிறார்கள் என்று ஆராய, கிரேன்காரர்களின் வாக்கி-டாக்கிப் பேச்சைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? துறைத்தலைவி அனுமதி வாங்கி, கூடத்தின் ஜன்னலோரம் ஒரு வானொலிப் பெட்டியைப் பொருத்தினார். அதில் கேட்கலாம், பேச முடியாது. கேபினில் ஓட்டுநருக்கு இரண்டு கையிலும் லீவர் என்பதால் அவர் தலையில் மாட்டியிருக்கும் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். அவர் வாயிலிருந்து வருவது மட்டுமல்ல, மோட்டாரின் உறுமல், விசிறியின் கிறீச் எல்லாம் வந்து விழும்.

கீழே நின்று அவருக்கு வழி சொல்கிற சிக்னல்காரன் வேறு யாருமில்லை, கத்தரியின் தம்பி. தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே கணவர்தான். மாமனும் மாப்பிள்ளையும் பேசுவதைக் கேட்கத் துறையில் ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. தம்பி "மேல" என்பான். அவர் "தூக்கிட்டிருக்கேன்" என்பார். "எடப்பக்கம்" என்பான், "திருப்பிட்டிருக்கேன்" என்பார். செய்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி. மற்ற பேச்சாளர்களைவிட அவர் பேச்சில் இடைக்குறை இரண்டு மடங்கு. 'தூக்கிட்டிருக்கேன்' அவர் வாயில் சில சமயம் 'தூக்கிருக்கேன்' ஆகிவிடும். துறைத்தலைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாநாட்டில் வாசிக்கப்போகும் கட்டுரையே அவரை நம்பித்தான் இருந்தது.

அன்று மதியம் கத்தரி கூடத்துக்குள் நுழைந்தபோது துறைத்தலைவி அதைப் பற்றித்தான் சொன்னார். மாநாட்டுக்காரர்கள் வெட்டாத மூலப் பதிவையும் கேட்கிறார்களாம். கணவரின் பேச்சிலிருந்து நல்ல உதாரணம் ஐந்து எடுத்து, மூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். ஜன்னலோரப் பெட்டியில் கணவரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்த்து வைத்த கான்கிரீட் படிக்கட்டுகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றுகிறார்கள். இரண்டு போயாயிற்று, இன்னும் நான்கு இருக்கின்றன.

மூலப் பதிவை அவள் இதுவரை காதால் கேட்டதே கிடையாது. கணினி வெட்டிக் கொடுத்த பிறகுதானே அவள் கைக்கு வரும். பெட்டி நேரடியாக ஓடுகிற நேரத்திலோ காதுக்கருவி அவள் காதை அடைத்திருக்கும். முதல் உதாரணத்தைத் தேடி எடுத்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

"தூக்கி" என்றார் கணவர். பிறகு குரல் இல்லை. மோட்டார் உறுமல் தாழ்ந்து தாழ்ந்து நின்றது. விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றியது. எங்கோ தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்புறம், தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுப்பவர் இழுப்பது போல ஒரு மூச்சு. "ருக்கேன்" என்றார். திரையின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நான்கு நொடி.

அவசரத்தில் விழுங்கிய சொல் இல்லை அது. அவர் நான்கு நொடி அங்கே இல்லவே இல்லை. கையிலிருந்து லீவர் நழுவியதால்தான் மோட்டாரும் நின்றிருக்கிறது. அந்த நான்கு நொடியைக் கணினி தூக்கி எறிந்திருக்கிறது. அவள் இரண்டு முனையையும் வழித்து ஒட்டி, பட்டியலில் சின்கோபி என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்ததைத் திறந்தாள். ஐந்து நொடி. இதில் மூச்சுக்குப் பிறகு தம்பியின் குரல் "என்னாச்சு மாமா" என்றது. "காத்து" என்றார் கணவர், "காத்தடிக்குது, நிறுத்தி வெச்சேன்." அடுத்தது ஆறு. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பல உண்மையாகவே விழுங்கிய சொற்கள். பதினொன்று அப்படி இல்லை. பதினொன்றில் ஆறு இந்த மூன்று வாரத்துக்குள் வந்தவை, கடைசி ஏழு நொடி. உட்கார்ந்த இடத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே. காலையில் டாக்டர் கேட்டது அட்சரம் பிசகாமல் அவள் மேசையிலேயே இருந்திருக்கிறது. அவளோ இல்லை என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நாலாவது படிக்கட்டு கட்டியாச்சு மாமா, மேல" என்றது ஜன்னலோரப் பெட்டி.

"தூக்கிட்டிருக்கேன்" என்றார் கணவர்.

கணவரை அழைத்தாள், ஷிப்டு நேரத்தில் போன் லாக்கருக்குள் பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்தும் அழைத்தாள். தம்பியை அழைத்தாள், அதே கதை. கட்டட அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் நின்று கத்தினால் தெருவில் போகிற பேருந்துச் சத்தத்தில் அவளுக்கே கேட்காது. அந்தப் பெட்டியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. அத்தனையும் கேட்கும், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாது. காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

படி, நடைபாதை, தெரு. சிக்னல் விளக்கைப் பார்க்காமல் குறுக்கே பாய்ந்தவளை ஒரு ஸ்கூட்டர்காரர் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். கட்டட வாசலில் காவலாளி, கடமையே கண்ணானவர், பெயரை நோட்டில் எழுதச் சொன்னார். யாரைப் பார்க்க, என்ன விஷயம், எத்தனை மணி. அவள் கிறுக்கியதை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து, மூன்றா ஐந்தா என்று கேட்டார். தலைக்கவசம் இல்லாமல் விட முடியாது என்று உள்ளே போய்த் தேடி, மூக்கு வரை இறங்குகிற ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் அந்த மனிதரை அவள் வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை. அவர் மீது ஒரு தப்பும் இல்லை என்பது வேறு விஷயம்.

தம்பி கட்டடத்தின் முகப்பில், வாக்கி-டாக்கியை வாயருகே பிடித்தபடி அண்ணாந்து நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலே, மூன்றாம் மாடி உயரத்தில், படிக்கட்டு ஒன்று நான்கு சங்கிலியில் தொங்கியபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மாடியின் விளிம்பில் அதைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் கையை நீட்டிக் காத்திருந்தார்கள். அவள் தம்பியின் தோளைப் பிடித்து, மூச்சு வாங்க, இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"காத்துன்னு சொல்வாரு. காத்து இருக்காது. ரெண்டு மாசமா நடக்குது. யார்கிட்டயும் சொல்லாதடான்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. கிரேன்ல இருந்து எறக்கிட்டா செத்துருவேன்னு சொன்னாருக்கா."

"நீ கீழ நிக்கிறியேடா."

"சத்தம் நின்னா ரெண்டடி தள்ளி அந்தத் தூண்கிட்டப் போயிடுவேன். எண்ணுவேன். அஞ்சுக்குள்ள வந்துருவாரு. ஏழு போனது ஒரு தடவைதான். கை நழுவினா கிரேன் தானா நின்னுரும், அது ஆடாது அசையாது."

கை நழுவாமல் லீவர் மேலேயே சாய்ந்துவிட்டால் என்று அவள் கேட்டாள். மேலே கை நீட்டி நிற்கிற இரண்டு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்றும் கேட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் கை எழவில்லை. அவன் ரெண்டடி தள்ளிப் போய் நின்று மறைத்ததை, அவள் உட்கார்ந்த இடத்தில் கணினியை வைத்துக்கொண்டு மறைத்திருக்கிறாள், இன்னும் நேர்த்தியாக.

"எறக்கச் சொல்லு. இப்பவே கீழ வெக்கச் சொல்லு."

தம்பி பொத்தானை அழுத்தி, "மாமா, அப்படியே திருப்பிக் கீழ" என்றான்.

"ஏன்டா?" என்றது கணவரின் குரல். "சரி, திருப்பி"

அத்தோடு நின்றது.

தம்பி பழக்கப்பட்ட ஆளாகத் தூணை நோக்கி நகர்ந்தான். மாடியில் இருந்தவர்களைப் பார்த்துப் பின்னால் போகச் சொல்லிக் கையை வீசினான். உதடு எண்ண ஆரம்பித்திருந்தது. ஒன்று. இரண்டு. கத்தரி எண்ணவில்லை, கேட்டாள். அரை மணிக்கு முன்பு பதினோரு தடவை கேட்ட சத்தம் அவள் காதில் அப்படியே இருந்தது: குரல் நிற்கும், மோட்டார் தாழும், விசிறி மட்டும் சுற்றும். இப்போது குரல் நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது. வாக்கி-டாக்கிக்குள் மோட்டார் மட்டும் தாழவே இல்லை, ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கிறது.

"மோட்டார் நிக்கலடா" என்றாள்.

தம்பி நான்கில் இருந்தான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து, தலைக்கவசம் கண்ணை மறைக்க, தன் முழு எடையையும் போட்டு இழுத்தாள். இரண்டு பேரும் மணற்குவியலில் போய் விழுந்தார்கள். மேலே படிக்கட்டு, அவசரமே இல்லாமல், தன்பாட்டுக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் குழாய்களில் மோதியது. ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு வந்து, தம்பி எப்போதும் ஒதுங்கி நிற்கிற அந்தத் தூணின் காலடியில் செங்குத்தாக விழுந்து, மணியடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டு, உருண்டது. வேலைக்காரர்கள் ஓடினார்கள். தம்பி மணலில் கிடந்தபடியே இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான், நிறுத்தத் தெரியாமல். ஒன்பது. பத்து. பதினொன்று.

மூச்சு கேட்டது. அந்த மூச்சு. மோட்டார் தாழ்ந்து நின்றது.

"காத்து" என்றார் கணவர்.

கத்தரி தம்பியின் கையிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள்.

"காத்து இல்லங்க. எனக்குத் தெரியும். லீவர்ல இருந்து கையை எடுத்து மடியில வைங்க."

அந்தப் பக்கம் வெறும் விசிறி. அவர் காதில் விழுந்ததா, மறுபடி போய்விட்டாரா, தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவருடைய மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும், கோபம். இப்போது அதிலும் இரண்டு வகை வந்துவிட்டது, எது எது என்று கீழே நின்று சொல்ல வழியில்லை.

அதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்திருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் மற்றொரு ஆபரேட்டரைக் கூப்பிட்டு, பாதுகாப்புக் கயிற்றோடு மேலே போகச் சொன்னார். ஏணியில் ஏறிச் சேர எட்டு நிமிடம் ஆகும். அதுவரை அவராக இறங்க முயலக் கூடாது. ஏணியில் பாதியில் மயக்கம் வந்தால் எல்லாம் முடிந்தது. கத்தரி பொத்தானை அழுத்தினாள்.

"ஆள் வர்றாங்க. நீங்க நாற்காலிய விட்டு அசையாதீங்க. பேசிட்டே இருங்க, எனக்குக் கேக்கணும். என்ன வேணும்னாலும் பேசுங்க. என்னைத் திட்டுங்க."

"திட்டறதுக்கு நீ சொல்லித் தரணுமா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. திட்டினார். கட்டடம் முழுக்க ஒவ்வொரு வாக்கி-டாக்கியிலும் கேட்கும்படி, வாய்க்கு வந்தபடி திட்டினார். கையெழுத்து வாங்கிக் கொடுத்தவளே வந்து கழுத்தறுக்கிறாள் என்றார். இனிமேல் நான் தரையில் உட்கார்ந்து வாட்ச்மேன் வேலையா பார்க்கிறது என்றார். டப்பாவைத் திறந்தால் மூடத் தெரியாது, மின்விசிறியைப் போட்டால் அணைக்கத் தெரியாது, இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியுமாம் என்றார். யாரோ சிரித்தார்கள், சூப்பர்வைசர் முறைத்ததும் அடங்கினார்கள். ஏணியில் ஆபரேட்டரின் மஞ்சள் தலைக்கவசம் ஒரு புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது.

"வீட்ல நான் பேசினா ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருக்கியா நீ? பாதியிலேயே புரிஞ்சிடுச்சும்ப. நாலு மாசமா காதுல மாட்டிக்கிட்டு என் பேச்சத்தான கேட்ட. உனக்கே"

நின்றது.

சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. தம்பியின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அவள் எண்ணினாள். இரண்டு. மூன்று. அந்த ஒவ்வொரு நொடியும் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த மாதிரி எத்தனை நொடிகளை ஒரு விரலால் தட்டி அழித்திருக்கிறாள்! நான்கு. ஐந்து. காதை வாக்கி-டாக்கியோடு அழுத்திக்கொண்டாள். மோட்டார் இல்லை, மூச்சும் இல்லை. ஆறு.

"என்னங்க" என்றாள். அதைச் சொல்லப் பொத்தானை அழுத்தக்கூட மறந்துபோனாள்.

"இருக்கேன்" என்றார் கணவர்.

ஆபரேட்டர் கேபின் கதவைத் திறக்கிற சத்தம் அதற்கு ஒரு நிமிடம் கழித்துக் கேட்டது.

அன்று சாயங்காலமே கத்தரி வெட்டாத பதினொன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். காலையில் நான் சொன்னது தப்பு என்றாள். டாக்டர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து, காகிதத்தில் இருந்த கேள்விக்குறியை மட்டும் அடித்தார். மறுநாள் கணவரின் நெஞ்சுத் தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். இதயம் நிற்கப் பார்த்தால் அது தட்டி எழுப்பிவிடும். ஆனால் இரண்டு பேருக்கு மேலே படிக்கட்டைத் தொங்கவிட்டவரை இனிக் கிரேனில் ஏற்ற யாரும் தயாராக இல்லை. தம்பியையும் சிக்னல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். துறைத்தலைவி கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரைச் சும்மா சொல்லக் கூடாது, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மௌனத்தையும் நொடிக்கணக்கோடு எழுத இனிப் பட்டியலில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கணவர் அவளோடு பேசவில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், தினசரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். தம்பி வந்தால் அவனிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசினார். ஜன்னல் வழியே தூரத்தில் அந்தக் கிரேனின் நுனி தெரியும். வேறு யாரோ ஓட்டுகிறார்கள். அவர் நாற்காலியை அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். கத்தரி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அவளும் ஒரு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் அதைத்தான் செய்வாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தினாள். கூடத்திலிருந்து தினசரி புரட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, இப்போது வரவில்லை. அவள் கையில் நுரையோடு அப்படியே நின்றாள். கூப்பிட்டால் பதில் வராது என்று தெரியும். கருவி இருக்கிறது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் தெரியும். காது அந்தச் சமாதானத்தைக் கேட்டால்தானே. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு. ஐந்து.

"இருக்கேன்" என்றார் கூடத்திலிருந்து.

கோபம் கொஞ்சமும் குறையாத குரல். அப்புறம் தினசரி புரண்டது. அன்று வேறு ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. ஆனால் வீட்டில் சத்தம் அடங்கும்போதெல்லாம், தினசரியைப் புரட்டியோ கனைத்தோ, அவள் ஐந்தைத் தாண்டி எண்ணும்படி அவர் ஒரு தடவையும் விடவில்லை.